இரண்டாம் வகைப் புயல், இருபதடித் தண்ணீர்

2008 செப்டம்பர் 11, வியாழக்கிழமை இரவு. ஐக் என்று பெயரிடப்பட்ட சூறாவளி மெக்சிகோ வளைகுடாவைத் தாண்டி அமெரிக்காவின் டெக்சாஸ் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. தேசிய வானிலைச் சேவையின் ஹூஸ்டன் - கால்வெஸ்டன் அலுவலகம் அன்று விடுத்த அறிவிக்கையில், வானிலைக்காரர்கள் சாதாரணமாக எழுதத் தயங்கும் ஒரு சொல் இருந்தது: சாவு. கால்வெஸ்டன் விரிகுடாவை ஒட்டிய தாழ்வான இடங்களில், ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகளில் தங்கிவிடுகிறவர்களுக்குச் சாவு நிச்சயம் என்று அது சொன்னது. 'வாய்ப்பு உள்ளது', 'எதிர்பார்க்கப்படுகிறது' என்ற பூசி மெழுகல் எதுவும் அதில் இல்லை.

அப்படிச் சொல்லியும், சுமார் 57,000 பேர் வாழ்ந்த கால்வெஸ்டனில் ஏறத்தாழ 20,000 பேர் கிளம்பவில்லை.

பிடிவாதக்காரர்கள், சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள் என்று அப்போது பலரும் ஏசினார்கள். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் எல்லா நாட்டுக் கடற்கரைகளிலும் கேட்கும் ஏச்சுதான் இது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதா, இருப்பதா என்று அந்த 20,000 பேரும் ஏதோ ஒரு கணக்குப் போட்டுத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் என்னென்ன இருந்தன, அவற்றை அங்கே கொண்டுவந்து சேர்த்தது யார் என்று பார்க்காமல் அவர்களைக் குறைசொல்வது நியாயமில்லை.

முதலில் புயலின் எண்.

நம் துறைமுகங்களில் ஏற்றும் கூண்டின் எண்ணைக் கேட்டு நாம் ஆபத்தை எடைபோடுவது போல, அமெரிக்கக் கரையில் வகை எண்ணைக் கேட்டு எடைபோடுகிறார்கள். பொறியாளர் ஹெர்பர்ட் சாஃபிரும் வானிலையாளர் ராபர்ட் சிம்சனும் வகுத்த அளவுகோல் அது. ஒன்றில் தொடங்கி ஐந்தில் முடிகிறது. ஐக் டெக்சாஸ் கரையை நெருங்கியபோது இரண்டாம் வகை. பழைய அளவுகோலின்படி, இரண்டாம் வகைப் புயல் வந்தால் கடல் மட்டம் 6 முதல் 8 அடி வரை உயரும். கால்வெஸ்டன்காரர்களுக்கு அது பயமுறுத்தும் கணக்கில்லை. அவர்களிடம் 17 அடி உயரக் கடற்சுவர் இருந்தது.

அந்த எண் அளந்தது காற்றின் வேகத்தை. அந்தக் காற்று எவ்வளவு தூரத்துக்குப் பரந்து வீசுகிறது என்பதை அது சொல்லவில்லை. ஐக் அசாதாரணமாக அகன்ற புயல். கரையைத் தொட்ட நேரத்தில் சூறாவளி வேகக் காற்றே மையத்திலிருந்து 190 கிலோமீட்டர் வரை வீசியது. டெக்சாஸ், லூசியானா ஓரத்தில் கடலடி வெகுதூரத்துக்கு ஆழமில்லாமல் கிடக்கிறது. அப்படிப்பட்ட கடலின் மேல் ஓர் அகன்ற புயலின் காற்று மணிக்கணக்கில் கரைக்கு இணையாக வீசினால், பூமியின் சுழற்சியால் நீர் வலப்பக்கமாகத் திரும்பிக் கரைமேல் சேரும். புயல் இன்னும் நடுக்கடலில் இருக்கும்போதே கடல் ஊருக்குள் ஏறிவிடும். பொலிவார் தீபகற்பத்தில் நடந்தது அதுதான்.

கால்வெஸ்டன் தீவுக்கு எதிரே, ஒரு பக்கம் வளைகுடாவும் மறுபக்கம் விரிகுடாவுமாக நீண்டு கிடக்கும் மணல் நாக்கு பொலிவார். நீளவாட்டில் ஓடுவது 87ஆம் எண் நெடுஞ்சாலை ஒன்றுதான். மேற்கு முனையில் தீவுக்குப் போகும் படகுத்துறை. ஐக் கரையைக் கடந்தது 13ஆம் தேதி சனிக்கிழமை அதிகாலை இரண்டு மணி சுமாருக்கு. அங்கே இருந்த பலரின் திட்டம் எளிமையானது: வெள்ளிக்கிழமை காலை எழுந்து, மிச்ச சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, சாவகாசமாகப் புறப்படுவது. கையில் இன்னும் முக்கால் நாள் இருப்பதாக நினைத்தார்கள். வெள்ளிக்கிழமை பொழுது விடிந்தபோது சாலை தண்ணீருக்குள் இருந்தது. பலத்த காற்று இன்னும் வந்து சேரவில்லை. வெளியேற வழியும் இல்லை. கூரைகளிலும் வண்டிகளின் மேலும் நின்றவர்களைக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர்களில் தூக்கியது. எல்லாரையும் தூக்க முடியவில்லை. அன்றிரவு பொலிவார் மேல் ஏறிய கடலின் உயரம் 15 முதல் 20 அடி.

அங்கே கில்கிறிஸ்ட் என்றொரு சிற்றூர். ஐக்கிற்குப் பிறகு வானிலிருந்து எடுத்த படங்களில் வெறும் மணலும், குத்திட்டு நிற்கும் மரத்தூண்களும், நடுவே ஒரே ஒரு மஞ்சள் வீடும் தெரிந்தன. அந்த வீட்டுக்காரர்கள் மூன்றாண்டுகளுக்கு முன் ரீட்டா சூறாவளியில் வீட்டைப் பறிகொடுத்தவர்கள். மறுபடி கட்டும்போது 14 அடித் தூண்களின் மேல் கட்டினார்கள். உலகப் பத்திரிகைகளெல்லாம் அந்தப் படத்தை அதிசயம் என்று போட்டன. ஒரு முறை அடிபட்டுக் கற்றுக்கொண்டு, அதற்குச் செலவழிக்கப் பணமும் கைவசம் இருந்தவர்களின் வீடு அது. அக்கம்பக்கத்தாரின் வீடுகளில் பெரும்பாலானவை தூண் மட்டுமாக மிஞ்சின.

தீவில் நடந்தது வேறு. கடற்சுவர் நின்றது. ஆனால் தண்ணீர் சுவர் இருந்த பக்கமாக மட்டும் வரவில்லை. சுவரே இல்லாத விரிகுடாப் பக்கமாகப் புழக்கடை வழியே நகருக்குள் நுழைந்தது. நூறாண்டுகளாக ஊர் மக்கள் கடலைப் பார்த்தபடி காவல் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் காவலுக்கும் காரணம் உண்டு. 1900 செப்டம்பர் 8 அன்று கால்வெஸ்டனை அடித்த சூறாவளிதான் அமெரிக்க வரலாற்றிலேயே அதிக உயிர்களைக் குடித்த இயற்கைப் பேரிடர். குறைந்தது 6,000 பேர். 8,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். அப்போது நகரத்தின் ஆகப் பெரிய மேடே கடல் மட்டத்திலிருந்து ஒன்பது அடியைத் தொடாது. ஊரின் வானிலை அதிகாரி ஐசக் கிளைன், கால்வெஸ்டனைப் பெரும்புயல் ஒருநாளும் நாசமாக்காது என்று 1891இல் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதியவர். சுவர் கட்டும் பேச்சு அப்போது எடுபடாமல் போனதில் அந்தக் கட்டுரைக்கும் பங்குண்டு. புயல் வளைகுடாவுக்குள் திரும்பும் என்று கியூபா வானிலையாளர்கள் சரியாகவே கணித்திருந்தார்கள். வாஷிங்டன் அலுவலகம் அவர்கள் சொல்லை மதிக்கவில்லை. கிளைனின் கர்ப்பிணி மனைவியும் அன்றிரவு இறந்தவர்களில் ஒருவர்.

அன்றிரவின் ஒரு செய்தியைப் படித்துவிட்டு மறக்க முடியாது. கடற்கரையை ஒட்டியிருந்த புனித மேரி அநாதை இல்லத்தில் பத்துக் கன்னியாஸ்திரிகள் இருந்தார்கள். தண்ணீர் ஏற ஏற, பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப்போனார்கள். துணி காயப்போடும் கயிற்றை எடுத்து, ஆளுக்குச் சில பிள்ளைகளைத் தங்கள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். கை நழுவினாலும் கயிறு பிடித்திருக்கும் என்ற நம்பிக்கை. 90 பிள்ளைகளும் பத்துச் சகோதரிகளும் இறந்தார்கள். பிழைத்தவர்கள் மூன்று சிறுவர்கள், மரமொன்றைப் பிடித்துக்கொண்டு தப்பியவர்கள். பின்னால் உடல்களை எடுத்தபோது கயிறு கட்டியபடியே இருந்தது.

அதற்குப் பிறகு அந்த ஊர் எடுத்த முயற்சியை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. 1902இல் கடற்சுவரைத் தொடங்கினார்கள். அது போதாது என்று ஊரையே உயர்த்தினார்கள். வீடுகள், கடைகள், குழாய்கள், தண்டவாளங்கள் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுமானங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கடல் மணலைத் தண்ணீரோடு குழைத்துப் பாய்ச்சி நிரப்பினார்கள். 3,000 டன் எடையுள்ள புனித பேட்ரிக் தேவாலயத்தை 700 ஜாக்கிகளின் மேல் ஐந்தடி உயர்த்தினார்கள்; உள்ளே பூசை நின்றுபோகவில்லை. வேலை முடியும்வரை ஆண்டுக்கணக்கில் மக்கள் பலகைப் பாலங்களின் மேல் நடந்து கடைக்கும் பள்ளிக்கும் போனார்கள். 1915இல் அதே வலுவுள்ள இன்னொரு புயல் வந்தபோது நகருக்குள் இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிட முடிந்தது. தாத்தன் கட்டிய சுவர் நம்மைக் காக்கும் என்ற நம்பிக்கை அப்படி வளர்ந்தது. 2008இல் தங்கியவர்களின் கணக்கில் அதுவும் ஓர் இலக்கம்.

ரீட்டாவின் சாலை

இன்னொரு இலக்கம், மூன்றாண்டு மட்டுமே பழையது.

2005 ஆகஸ்ட் 29இல் கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. அடுத்த மூன்று வாரங்களில் ஐந்தாம் வகை வலுவோடு ரீட்டா வளைகுடாவில் நின்றது. தொலைக்காட்சியில் கூரைமேல் கையசைத்த மனிதர்களைப் பார்த்துப் பதறியிருந்த ஹூஸ்டன் வட்டாரம், போகச் சொன்னவர்கள், போகத் தேவையில்லாதவர்கள் என்ற வித்தியாசமின்றி மொத்தமாகக் கிளம்பியது. 25 லட்சம் பேருக்கு மேல். நாலு மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊருக்கு இருபது மணி நேரத்துக்கும் மேல் ஆனது. நெடுஞ்சாலையில் நூறு மைல் நீளத்துக்கு வண்டிகள் நின்றன. பெட்ரோலை மிச்சம்பிடிக்க ஏசியை நிறுத்தினார்கள். வெளியே உடம்புச் சூட்டைத் தாண்டிய வெயில். வழியிலேயே பெட்ரோல் தீர்ந்தது. டாலஸுக்குச் சற்றுத் தெற்கே, முதியோர் இல்லத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் வந்த பேருந்து தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். டெக்சாஸில் ரீட்டாவோடு தொடர்புடைய நூற்றுக்கும் மேற்பட்ட சாவுகளில் பெரும்பாலானவை புயலால் நேர்ந்தவை அல்ல. புயலுக்குத் தப்பி ஓடிய சாலையில் நேர்ந்தவை. ரீட்டாவோ கடைசியில் கிழக்கே திரும்பி லூசியானா எல்லையில் கரை ஏறியது. ஹூஸ்டன் ஏறத்தாழத் தப்பித்தது.

அந்தச் சாலையில் ஒரு பகலும் இரவும் கைக்குழந்தையோடோ நோயாளித் தாயோடோ கிடந்தவர், அடுத்த முறை 'கிளம்புங்கள்' என்று கேட்டவுடன் கிளம்புவாரா? ஐக் வந்தபோது தங்கியவர்கள் பலரின் வாயில் ரீட்டாவின் பெயர்தான் இருந்தது. 2017இல் ஹார்வி வந்தபோது ஹூஸ்டன் மேயர் சில்வெஸ்டர் டர்னர் நகரைக் காலிசெய்யச் சொல்லவில்லை. ரீட்டாவை நினைவுபடுத்தித்தான் அதற்கு விளக்கமும் தந்தார். பிறகு நெடர்லண்ட் என்ற இடத்தில் 60 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. டெக்சாஸில் 68 பேர் புயலுக்கு நேரடியாகப் பலியானார்கள். மேயர் எடுத்த முடிவு சரியா, தவறா என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஹூஸ்டன் வட்டாரத்தின் 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டு நாளில் தாழ்ந்த சாலைகளில் இறக்கியிருந்தால் வெள்ளம் அவர்களை வண்டிக்குள்ளேயே பிடித்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

ரீட்டா சொல்லிக்கொடுத்ததும் உண்டு. கரையோர வட்டாரத்தை அஞ்சல் குறியீட்டு எண்ணின்படி மண்டலங்களாகப் பிரித்து, கடலுக்கு மிக அருகில் இருப்பவர்களை முதலில் வெளியேற்றும் முறை வந்தது. எதிர்த்திசைத் தடங்களையும் ஒருவழியாக மாற்றிவிடும் திட்டத்தை முன்கூட்டியே வரைந்துவைத்தார்கள். தண்ணீரிலிருந்து ஓடு, காற்றிலிருந்து ஒளி என்ற அறிவுரை அந்தக் கரையில் இப்போது பிள்ளைகளுக்கும் தெரியும். மேட்டு நிலத்தில் இருப்பவர் சாலையை அடைக்காமல் வீட்டில் இருந்தால்தான் பள்ளத்தில் இருப்பவர் தப்ப முடியும். ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லாண்டில் மீனாட்சி கோயிலைச் சுற்றி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் கிளம்புவதா, இருப்பதா என்ற இதே கேள்விதான் ஒவ்வோர் ஆண்டும். அங்கிருந்து கால்வெஸ்டன் கடற்கரை காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

கிளம்பினாலும் தங்கினாலும் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னால் 'புயல் முன்னேற்பாடு'. ஆனால் கிட்டத்தில் பார்த்தால் அது நூறு சின்ன வேலைகள். ஜன்னலுக்கு ப்ளைவுட் பலகை அளந்து அறுத்துத் திருகாணியில் முடுக்குவது. கண்ணாடியில் குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டுவது வீண் என்று எத்தனை முறை சொன்னாலும் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குளியல் தொட்டியில் தண்ணீர் பிடிப்பது. இன்சுலினுக்குப் பனிக்கட்டி. ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்று. பத்திரங்களை நெகிழிப் பையில் போட்டு மூடுவது. இறால் படகுக்காரர்கள் உள்நாட்டு ஓடைகளுக்குள் படகை ஏற்றிப்போய்க் கட்டுகிறார்கள். கட்டும்போது கயிற்றை இறுக்கக்கூடாது. தண்ணீர் பத்தடி ஏறினால் இறுகிய கயிறே படகைக் கவிழ்த்துவிடும். ஹூஸ்டன் கால்வாயோரத்து எண்ணெய் நிறுவனங்கள் காலித் தொட்டிகளை நிரப்புகின்றன, வெள்ளத்தில் மிதந்து கிளம்பிவிடக்கூடாது என்று.

இந்தக் கரையில் வியட்நாமிலிருந்து வந்து இறால் பிடிப்பவர்கள் ஏராளம். ஆங்கிலத்தில் மட்டும் வரும் எச்சரிக்கை அவர்களில் மூத்தவர்களுக்கு எட்டாது. கத்ரீனாவின்போது ஹூஸ்டனின் வியட்நாமிய வானொலி நிலையமான ரேடியோ சைகோன்தான், வந்துசேர்ந்த அகதிகளுக்கு எங்கே தங்கலாம், யாரைப் பார்க்கலாம் என்று இரவு பகலாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

நேரம் தவறினால் பணம் இருந்தாலும் செய்ய முடியாத வேலையும் உண்டு. சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் சேராது. அதற்கு அரசின் வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும்; எடுத்த நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும். தொலைக்காட்சியில் புயலின் பெயர் வந்த பிறகு ஓடினால் பயனில்லை.

கையில் மார்க்கர் பேனா

கத்ரீனாவுக்கு முந்தைய நாளான ஞாயிற்றுக்கிழமை நியூ ஆர்லியன்ஸ் மேயர் ரே நேகின் கட்டாய வெளியேற்றத்துக்கு உத்தரவிட்டார். நகரத்தில் சுமார் ஒரு லட்சம் பேருக்குக் கார் இல்லை. தேதி ஆகஸ்ட் 28. மாதத்தின் முதல் நாளில் வரும் உதவிக் காசோலையை நம்பி வாழும் குடும்பத்தில் 28ஆம் தேதி எவ்வளவு கையிருப்பு இருக்கும் என்பது நமக்குத் தெரியாததா? பெட்ரோல், வழிச்சாப்பாடு, மூன்று இரவு விடுதி வாடகை. இவற்றுக்கு வழியில்லாதவரிடம் போய் 'கட்டாயம்' என்றால் அவர் என்ன செய்வார்? லூசியானாவில் இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 75 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்ல எனக்கு நா எழாது.

நாயையும் பூனையையும் விட்டுவர மனமில்லாமல் தங்கியவர்களும் பலர். மீட்புப் பேருந்தில் ஏறிய ஒரு சிறுவனிடமிருந்து அவன் நாயைப் பிடுங்கியபோது அவன் வாந்தியெடுக்கும் அளவுக்கு அழுதான் என்ற செய்தி அந்த நாட்டை உலுக்கியது. மறு ஆண்டே, பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஐக்கின்போது மக்களைத் தடுத்த இன்னொன்று, திரும்பி வரும் கவலை. தீவை விட்டுப் போனவர்களைச் செப்டம்பர் 24 வரை உள்ளே விடவில்லை. கூரை பிய்ந்த வீட்டில் மழை பத்து நாளாக இறங்குகிறது என்று தெரிந்தும் சாலைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் காத்திருந்தவர், அடுத்த தடவை போகலாமா என்று இரு முறை யோசிப்பார்.

2017 ஆகஸ்ட் 25. ஹார்வி நான்காம் வகைப் புயலாக ராக்போர்ட் என்ற சிறு மீன்பிடி ஊரை நெருங்கியது. ஊரின் துணை மேயர் பேட்ரிக் ரியோஸ், போக மறுப்பவர்கள் தங்கள் பெயரையும் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் மார்க்கர் பேனாவால் கையில் எழுதிக்கொள்ளட்டும் என்றார். பிணத்தை அடையாளம் காண்பதற்காக. பயம் காட்டிக் கிளப்புவதற்கான பேச்சுத்தான். அதில் சிலர் கிளம்பியிருப்பார்கள். ஆனால் மூட்டுவலிக்காரப் பாட்டிக்கு வண்டி அனுப்பாமல் பேனா எடுக்கச் சொல்வதில் பயன் என்ன என்று அதைப் படித்த அன்றும் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

ஐக்கிற்குப் பிறகு அரசாங்கம் செய்த சில மாற்றங்கள் நல்லவை. சாஃபிர் - சிம்சன் அளவுகோலிலிருந்து கடல்மட்டக் கணக்கை எடுத்துவிட்டார்கள். 2010 முதல் அது காற்றுக்கு மட்டுமான அளவுகோல். கடல் ஏறி உயிருக்கு ஆபத்தாகக்கூடிய இடங்கள் எவை என்று சொல்லும் தனி எச்சரிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. விரிகுடாவின் வாயிலேயே பிரமாண்ட மதகுகளை நிறுத்தி, புயல் வரும்போது அடைத்துவிடும் யோசனையை டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் பில் மெரல் முன்வைத்தார். அதையொட்டிய திட்டத்துக்கு 2022இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. செலவு 5,000 கோடி டாலருக்கு மேல் போகும் என்கிறார்கள். ஒப்புதல் தந்ததோடு கடல் நிற்காது. மதகு எழும்வரை அந்தக் கரை திறந்துதான் கிடக்கும்.

எண்ணை நம்பும் பழக்கமும் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. 2024 ஜூலை 8 அன்று பெரில் டெக்சாஸில் கரையேறியது. வெறும் முதலாம் வகை. ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் அறுந்தன. பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் வரவில்லை. கொளுத்தும் ஜூலை வெயிலில், புயல் ஓய்ந்த பிறகு, மின்விசிறிகூட ஓடாத வீட்டுக்குள் முதியவர்கள் இறந்தார்கள். ப்ளைவுட் அடித்து, தண்ணீர் பிடித்து, எல்லாம் செய்த வீடுகள்தான் அவற்றில் பல.

கார் இல்லாதவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவியை நம்பி உயிர் வாழ்பவர்கள் ஆகியோருக்கு டெக்சாஸில் ஒரு பதிவேடு இருக்கிறது. 211 என்ற எண்ணை அழைத்துப் பெயரைச் சொன்னால் போதும். புயல் வரும்போது உள்ளூர் அதிகாரிகளின் கையில் அந்தப் பட்டியல் இருக்கும். வண்டி கட்டாயம் வரும் என்ற உத்தரவாதத்தை அது தருவதில்லை. பட்டியலில் இருப்பவரைத் தேடி ஆளும் பேருந்தும் அனுப்ப அந்தந்த ஊராட்சிக்குப் பணம் வேண்டும், ஓட்டுநர்கள் வேண்டும். அவர்களும் தங்கள் குடும்பத்தை எங்கோ பத்திரமாகச் சேர்த்துவிட்டு வந்திருக்க வேண்டும். பெயரை ஆண்டுதோறும் மறுபடி பதிய வேண்டும். சூறாவளிப் பருவம் ஜூன் 1இல் தொடங்கி நவம்பர் 30 வரை நீடிக்கிறது. பதிவதற்குச் சரியான மாதம் மே.